கும்பசாரமும் சங்கீர்த்தனமும்

மேகமலையிலிருந்து இறங்கிக் கம்பம் வழியே குமுளியைக் கடந்தால், பாதிரியாரிடம் பாவத்தை அறிக்கையிடுதல் ‘கும்பசாரம்’ எனப்படும். ‘கொன்ஃபெஸ்ஸார்’ என்னும் போர்த்துக்கீசிய வினை மலையாளத்தில் கொண்ட வடிவம் அது. அண்டிரிக் அடிகளார் 1580-இல் கொச்சியில் அச்சிட்ட தமிழ் நூலின் பெயரும் அவ்வேரினதே: ‘கொம்பெசியொனாயரு’.

எனினும் தமிழ்க் கத்தோலிக்கரிடையே நிலைபெற்றது ‘பாவசங்கீர்த்தனம்’. கவிஞர்கள் கருதத்தக்க முரண் இது. பக்தி மரபில் சங்கீர்த்தனம் என்பது பலர் கூடி இறைபுகழை உரக்கப் பாடுதல். பாவமோ ஒரு செவியில் மட்டும் முணுமுணுக்கப்படுவது. பொருந்தாச் சொல்தான், ஆயினும் அழுகையைப் பாட்டாக்கிய சொல்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–65) பின் பரவிய ‘ஒப்புரவு’ தூய தமிழ். குறளில் அதிகாரப் பெயரில் இடம்பெறுவது. அங்கு அது ஊருக்கு உதவும் பண்பு; இங்கு இறைவனோடு முறிந்த உறவின் மீட்சி. முதியோர் நாவு இன்னும் சங்கீர்த்தனத்தையே நாடுகிறது.