எவருடைய மரபு?



"சாதி இந்நாட்டு மரபு, அயலார் அதனை மதித்து ஒதுங்குவதே பண்பு" என்பார் உளர். அது எவருடைய மரபு என்று நாம் கேட்கின்றோம்.

சமய நம்பிக்கைகளில் அரசு தலையிடாது என 1858-இல் விக்டோரியா அரசியாரின் பேரறிக்கை உறுதி கூறிற்று. ஒதுங்கி நிற்பது நடுநிலை ஆகாது; அது நிலமுடையார் பக்கம் நிற்பதேயாகும். 1891-இல், நம் இராஜகீழ்ப்பாக்கம் அடங்கிய செங்கற்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் திரமென்ஹீர், நம் முன்னோர் பண்ணையடிமைகளாய், சொந்த நிலமும் உறுதியான குடிமனையும் இன்றி வாடியதை அரசுக்கு எழுதினார். 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அயலார் ஒருவர் அம்மரபை மதிக்க மறுத்ததால் நமக்கு நிலம் கிடைத்தது. 2023-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றமும் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடுத்தது.

எனினும், அயலார் தந்ததைக் காப்பது நம் கடன். பஞ்சமி நிலங்களுள் பல பிறர் கைக்குப் போயின. காரணை நிலத்தை மீட்கும் போராட்டத்தில், 1994-இல் செங்கற்பட்டுத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் ஈந்தனர்.

இளைஞர்களே! பட்டாவையும் பதிவேட்டையும் படித்தறியும் கல்வியைப் பெறுங்கள். மனிதரை மதிப்போம், மனிதரை இழிக்கும் மரபை மதியோம்.