கடையடைப்பு முடிந்த பிறகு



2023 ஜூன் 12 அன்று, ரெடிட் என்ற அமெரிக்க வலைத்தளத்தில் 7,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் கதவைச் சாத்தின. வெளியார் செய்த செயலிகள் தன் தரவை எடுப்பதற்கு அதுவரை காசு கேட்காத நிறுவனம், ஜூலை 1 முதல் கட்டணம் என்று அறிவித்ததுதான் காரணம். அத்தகைய வெளிச் செயலிகளில் ஒன்றான அப்பல்லோவை உருவாக்கிய கிறிஸ்டியன் செலிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆண்டுக்கு 2 கோடி டாலர்! தனி மனிதர் எங்கே போவார்?

கதவைச் சாத்தியவர்கள் யார்? மட்டுறுத்துநர்கள். வசவையும் மோசடியையும் இரவு பகலாக அள்ளி வெளியே கொட்டியவர்கள். ஒரு பைசா சம்பளம் கிடையாது. 2015-இல் நிறுவனம் ஓர் ஊழியரை நீக்கியதற்காக இவர்கள் இதேபோல் கதவடைத்தபோது, சில நாட்களில் தலைமை நிர்வாகி எல்லன் பாவ் பதவி விலகினார். 2023-இல் மறுபடியும் அதே வழியில் இறங்கினார்கள்.

ஆனால் இந்த முறை, இரண்டே நாள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஹஃப்மன், இதுவும் கடந்து போகும் என்ற பொருளில் ஊழியர்களுக்கு எழுதினார். முடியும் நாள் தெரிந்த போராட்டத்தைக் கண்டு எந்த முதலாளி பயப்படுவார்? அதன் பிறகும் திறக்காதவர்களுக்கு, உங்கள் இடத்தில் வேறு ஆளை அமர்த்துவோம் என்று எச்சரிக்கை வந்தது. ஜூன் 30-இல் அப்பல்லோ நின்றது. 2024 மார்ச்சில் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் இன்னொரு விதி வந்தது: பொதுக் குழுவை இனிப் பூட்ட வேண்டுமென்றால் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். போராடிய கையிலிருந்த பூட்டையே பறித்துக்கொண்டார்கள். இது அநியாயம், நண்பர்களே! அந்தக் குழுக்களை வளர்த்தவர்கள் அவர்கள்.

அப்படியானால் எல்லாமே தோல்வியா? இல்லை. பார்வையற்றோர் குழுவைப் பாருங்கள். மட்டுறுத்தும் வேலைக்கு உரிய பொத்தான்கள் பல, நிறுவனத்தின் சொந்தச் செயலியில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்குப் பிடிபடவில்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்தும் குரல் வரவில்லை. வெளிச் செயலிகள்தான் அவர்களுக்குக் கண்ணாக இருந்தன. எங்களுக்கு வேண்டியது இது என்று அவர்கள் திட்டவட்டமாகக் கேட்டார்கள். ரெட்ரீடர், டிஸ்டோப்பியா, லூனா ஆகிய மூன்று செயலிகளுக்குக் கட்டண விலக்கு கிடைத்தது. மொத்தப் போராட்டத்திலும் கைக்கு வந்த பலன்களில் இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த அரங்கிலும் இணையக் குழுக்களை நடத்துகிறவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் இரண்டு வேண்டுகோள். விதி எப்போது மாறும் என்று சொல்ல முடியாது; குழுவின் பதிவுகளுக்கு இன்றே ஒரு நகல் எடுத்து உங்கள் கைவசம் வையுங்கள். என்றாவது போராட நேர்ந்தால், கோரிக்கையைத் தெளிவாகச் சொல்லுங்கள். முடியும் நாளை மட்டும் சொல்லாதீர்கள்.