மிச்சம் வைத்த மாத்திரை



நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல். விடிந்தால் வேலைக்குப் போக வேண்டும். "போன மாதம் என் மகனுக்குக் கொடுத்த மாத்திரை நாலு மிச்சம் இருக்கிறது, கொடுத்துப் பாரம்மா" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அவருடைய மனம் நல்ல மனம்தான். ஆனால், அந்த மாத்திரை நன்மை செய்யுமா? இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நோய்க் கிருமிகளில் பாக்டீரியா ஒரு வகை. வைரஸ் வேறொரு வகை. சாதாரணச் சளி வைரஸால் வருவது. பெனிசிலின், அமோக்சிசிலின் போன்ற ஆண்டிபயாட்டிக் மருந்துகள் பாக்டீரியாவை மட்டுமே அழிக்கும். சளிக்கு அவற்றை விழுங்குவதால் பயன் ஏதும் இல்லை.

பயன் இல்லாததோடு கேடும் உண்டு. தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒரே மருந்தையே திரும்பத் திரும்ப அடித்தால், அதற்குச் சாகாத புல் சில தப்பிப் பிழைக்கும். அவையே விதைவிட்டுப் பரவும். பிறகு அந்த மருந்து எடுபடாது. நம் உடம்பிலுள்ள பாக்டீரியாவும் அப்படித்தான். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றபோதே, குறைந்த அளவில் மருந்து உட்கொண்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

இதற்கு வழி என்ன? நோயே வராமல் தடுப்பது ஒரு நல்ல வழி. குழந்தைகளுக்கு நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் பாக்டீரியாக்களில் ஒன்று நியூமோகாக்கஸ். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு முதல் இதற்கெதிரான புதிய தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். 1999-க்கும் 2004-க்கும் இடையில், பெனிசிலினுக்கு எளிதில் அடங்காத நியூமோகாக்கஸால் வந்த கடுமையான நோய், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் 81 விழுக்காடு குறைந்தது. 65 வயதைத் தாண்டியவர்களிடமும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பேரப்பிள்ளைக்குப் போட்ட ஊசி, தாத்தா பாட்டியையும் காத்தது! தடுப்பூசியில் அடங்காத வேறு சில வகைகள் பின்னர் தலைதூக்கின. அதனால், 7 வகைகளைத் தடுத்த ஊசிக்குப் பதிலாக, 2010-இல் 13 வகைகளைத் தடுக்கும் ஊசி வந்தது.

மலேசியாவில் இந்தக் கிருமிக்கெதிரான தடுப்பூசி, 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. தாய்மார்களே, பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஏதேனும் ஊசி விடுபட்டிருந்தால், தாதியிடம் கேளுங்கள்.

ஆண்டிபயாட்டிக் மருந்தை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுங்கள். காய்ச்சல் விட்டதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மிச்சம் இருந்தால் எடுத்து வைக்கவும் வேண்டாம், அடுத்தவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். பிள்ளை மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா உதவ விரும்பினால், மாத்திரை தர வேண்டாம். மருத்துவமனைக்குத் துணையாக வரட்டும். அதுவே பேருதவி.