பாடநூலில் உள்ள கட்டம்

இங்கே கூடியிருக்கும் பெற்றோர்களே, மதரஸாவில் உஸ்தாத் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக சபக் கேட்பார். சரியாக ஓதியவன் அடுத்த பாடத்துக்குப் போவான். தடுமாறுபவன் அதே ஆயத்தில் நிற்பான். நாற்பது பேர் உள்ள பள்ளி வகுப்பில் இது எளிதல்ல.

2018 முதல் வந்த அரசுப் பாடநூல்களில் கட்டம் கட்டமாக கியூஆர் குறியீடு இருக்கிறதே, அது இதற்குத்தான் உதவும். திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்தின் வீடியோ வரும். புரியாத இடத்தில் நிறுத்தலாம், பத்து முறை திருப்பிப் போடலாம். அரசின் மணற்கேணி செயலியும் உண்டு. இரண்டும் இலவசம்.

ஆனால் வெண்ணந்தூரில் போன் யார் கையில்? தறிக்குப் போகும் அத்தாவின் சட்டைப்பையில். இரவு வீட்டுக்கு வந்தால் மகனுக்குக் கிடைக்கிறது. மகளுக்குக் கொடுக்கத் தயங்குகிறோம். கெட்டுவிடுவாளோ என்ற பயம் மகன் விஷயத்தில் மட்டும் ஏன் வருவதில்லை?

ஆகவே மதரஸாவில் மூன்று டேப்லெட் வைக்கிறோம். அஸருக்குப் பின் பெண்பிள்ளைகளுக்கு, ஆலிமா உடனிருப்பார். மஃரிபுக்குப் பின் பையன்களுக்கு. பார்த்துவிட்டு எழுந்து போக முடியாது. புரிந்ததைப் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்காட்ட வேண்டும். இன்ஷா அல்லாஹ், வரும் சனிக்கிழமை தொடங்குகிறோம். பாடநூலை மறக்காமல் கொடுத்தனுப்புங்கள்.