நான்காவது அளவு



கணித அறிஞர்கள் நாட்கணக்கில் கூடி, ஆராய்ச்சிப் பட்டறை அமைத்து விவாதிக்கும் பொருள்களுள் ஒன்று பல பரிமாண வடிவ கணிதம். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. பட்டுத் தறிகள் நிறைந்த ஆரணியில் கணக்கு ஆசிரியனாய் இருந்தவன் நான். தறியைக் கொண்டே இதனை விளக்க முற்படுகிறேன்.

முதலில் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், பொருள்களுக்கு நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று அளவுகளே உண்டு எனப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுந்து, "நான்காவது அளவு இருக்கக் கூடாதா, ஐயா?" என்றான். "தேர்வுக்கு வராததைக் கேளாதே, உட்கார்" என்றேன். வகுப்பு நகைத்தது. அதன் பின்னர் அவன் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

அவன் கேட்டது தக்க கேள்வியே. அவன் தந்தையார் நெய்த சேலையை நோக்குங்கள். சேலையின் நீளம், அகலம், பட்டின் எடை, ஜரிகையின் எடை, கரையின் அகலம், முந்தானையின் நீளம் என ஆறு எண்கள் வேண்டும். தனித்தனியே மாற்றத்தக்க ஆறு எண்களால் குறிக்கப்படும் ஒன்றை, ஆறு பரிமாண வெளியில் ஒரு புள்ளி எனக் கணிதம் கொள்ளும். அவ்வெளியைக் கண்ணால் காண இயலாது, கணக்கினால் காணலாம்.

அங்கே அறிஞர் பெரிதும் ஆராய்வன குவி வடிவங்கள். ஒரு வடிவத்தினுள் எந்த இரு புள்ளிகளுக்கிடையே பட்டிழையை விறைப்பாகக் கட்டினும், இழை முழுவதும் உள்ளேயே அடங்குமாயின் அது குவி வடிவம். பந்தும் பெட்டியும் அத்தகையன, பிறைநிலா அன்று.

இனி ஒரு வியப்பு. சதுரத்தின் பக்கங்களைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து, அச்சிறு சதுரத்தை உள்ளே நடுவில் வைப்போம். சுற்றிலும் எஞ்சும் விளிம்பு மொத்தப் பரப்பில் 19 விழுக்காடு. பெட்டியில் இவ்வாறு செய்தால் 27.1 விழுக்காடு. 100 பரிமாணத்திலோ 99.99 விழுக்காட்டிற்கும் மேல்! குவி வடிவம் எதுவாயினும் கணக்கு இதுவே. பழத்தை ஒப்பிட்டுச் சொன்னால், சுளை இல்லை என்னுமளவுக்குச் சுருங்கி, எல்லாம் தோலாகிவிடுகிறது. அளவுகள் பெருகப் பெருக, நடுவிடம் வெறுமையாகிறது.

இத்தகைய வெளியில் ஒரே அளவான பந்துகளை நெருக்கமாக அடுக்குவது எவ்வாறு என்பதும் ஒரு கேள்வி. நம் மூன்று பரிமாணத்தில் ஒரு பந்தை 12 பந்துகள் தொடலாம். ஜான் லீச் என்பார் 1967-இல் வெளியிட்ட 24 பரிமாண அடுக்கில், ஒரு பந்தை 1,96,560 பந்துகள் தொடுகின்றன. இதனினும் நெருக்கமான அடுக்கு அப்பரிமாணத்தில் இல்லை என்பதை, 2016-இல் உக்ரைன் நாட்டில் பிறந்த மரீனா வியாசோவ்ஸ்கா அம்மையாரும் வேறு நால்வரும் நிறுவினர்.

இங்கேதான் நம் கும்பகோணத்து இராமானுஜன் வருகிறார். 1916-இல் அவர் ஓர் எண்வரிசையை ஆராய்ந்து வெளியிட்டார். அதன் இரண்டாவது எண் குறை 24. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2-இன் பதினோராம் அடுக்கு 2048. ஒன்றைக் கூட்ட 2049. அதிலிருந்து குறை 24-ஐக் கழித்தால் 2073. அதனை 691-ஆல் வகுக்க, மீதியின்றி 3. மீதி வாராது என்பதும் இராமானுஜன் கண்ட உண்மையே. மூன்றை 65,520-ஆல் பெருக்குங்கள், 1,96,560! பந்தடுக்கைக் கருதாமல் எழுதிய எண், அரை நூற்றாண்டு கழித்து அவ்வடுக்கின் கணக்காயிற்று.

அவ்விராமானுஜன், கணிதத்தில் சிறந்து விளங்கியும், ஏனைய பாடங்களில் தவறியமையால் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. ஒரே ஒரு கோலால் அளந்தோர்க்கு அவர் தேறாத மாணவர்.

நானும் அவ்வாறே அளந்தவன். சராசரி மதிப்பெண் என்னும் ஓர் எண்ணை வைத்துப் பிள்ளைகளை முன் வரிசை, பின் வரிசை எனப் பிரித்தேன். பிள்ளைகள் பந்துகள் அல்லர். வடிவ கணிதம் அவர்களுக்கு அப்படியே பொருந்தும் எனச் சொல்லவில்லை. ஆயினும் அது எனக்கு ஒன்றைக் கற்பித்தது. அளவுகளைக் கூட்டிப் பாருங்கள். நடுத்தரம் என நாம் ஒதுக்கிய பிள்ளை, ஏதேனும் ஓர் அளவில் விளிம்பில் நிற்பான். அந்த அளவைத் தேடுவதே ஆசிரியர் தொழில்.

அன்று கேள்வி கேட்ட பிள்ளை இன்று எங்கேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். தம்பி, நான்காவது அளவு இருக்கலாம், ஐந்தாவதும் இருக்கலாம். உன்னை உட்காரச் சொன்னது என் பிழை.