ரத்தத்துல ஏது சுத்தம், அசுத்தம்?

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

ஃபோனைக் கொஞ்சம் கீழ வெச்சிடுங்க. வலது கையோட ரெண்டு விரலை எடுத்து இடது மணிக்கட்டுல, கட்டைவிரலுக்கு நேர் கீழ இருக்கிற பள்ளத்துல வைங்க. கட்டைவிரலால தொட்டுப் பார்க்காதீங்க, அதுக்குன்னு தனியா ஒரு துடிப்பு இருக்கு, குழப்பிடும். பஸ்ல நின்னுட்டே கேட்கிறவங்க அப்புறமா செஞ்சுக்கலாம், கம்பியைப் பிடிச்சுக்கோங்க.

கிடைச்சுதா? முப்பது பிள்ளைங்க இருக்கிற வகுப்புல இதைச் செய்யச் சொன்னா, ரெண்டாவது நிமிஷத்துல ஒருத்தன் கத்துவான்: "மிஸ், எனக்கு வரலை, நான் செத்துட்டேன்!" வருஷா வருஷம் ஒருத்தன் இருப்பான்.

நான் சென்னையில ஒரு பள்ளிக்கூடத்துல நாலாவது, அஞ்சாவது பிள்ளைங்களுக்கு அறிவியல் எடுக்கிறேன். ஏழு வருஷம் ஆச்சு. ரத்த ஓட்டப் பாடத்தை எப்படி நடத்துறேன்னு இன்னைக்குச் சொல்லலாம்னு வந்தேன். அதுல ஒரு வருஷம் நான் செஞ்ச தப்பையும் சொல்லணும்.

பாடத்தை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு படம் வரையச் சொல்லுவேன். ஒரு மனுஷனை வரைங்க, உள்ள ரத்தம் எங்க இருக்குன்னு காட்டுங்க. பாதிப் பேர் உடம்பு முழுக்கச் சிவப்பு க்ரேயானால தேய்ச்சு வெச்சிருப்பாங்க. தோலை ஒரு பை மாதிரியும், உள்ள ரத்தம் தளும்பிட்டு இருக்கிற மாதிரியும்தான் அவங்க நினைக்கிறாங்க. எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் யோசிச்சா, அவங்க பார்த்ததை வெச்சு நியாயமாத்தான் யோசிச்சிருக்காங்க. முட்டியில சிராய்ச்சாலும் ரத்தம் வருது, விரல்ல கீறினாலும் வருது. எங்க தொட்டாலும் வந்தா அது பைதானே?

இதயம்னா எல்லாப் படத்துலயும் வாட்ஸ்அப்ல அனுப்புற அந்த வடிவம்தான், இடது மார்புல ஒட்டியிருக்கும். நிஜத்துல அது கிட்டத்தட்ட நெஞ்சுக்கு நடுவுல, ரெண்டு நுரையீரலுக்கும் இடையில இருக்கு. அடிமுனை மட்டும் இடது பக்கம் சாய்ஞ்சிருக்கும். அவங்கவங்க மூடின கை அளவுதான் இருக்கும்னு சொன்னா உடனே எல்லாரும் கையை மூடிப் பக்கத்துல இருக்கிறவன் கையோட ஒப்பிடுவாங்க. "என் ஹார்ட்தான் பெருசு"ன்னு ஒரு சண்டை நடக்கும். நடக்கட்டும், அஞ்சு நிமிஷம்.

அடுத்தது தீக்குச்சி. களிமண்ணைச் சின்ன உருண்டையா உருட்டி, அதுல ஒரு தீக்குச்சியைச் செருகி, மணிக்கட்டுல நாடி துடிக்கிற இடத்துல ஒட்ட வைக்கணும். மருந்துப் பக்கத்தை உடைச்சுப் போட்டுட்டுக் கொடுங்க, பிள்ளைங்க பிள்ளைங்கதான். கையை மேசை மேல அசையாம வெச்சா தீக்குச்சி லேசா ஆடும், டிக், டிக்னு. ஒருத்தரும் பேச மாட்டாங்க. அந்த வகுப்புல நான் "சைலன்ஸ்" சொல்லாமலே அமைதி வர்ற ஒரே நாள் அது.

அப்புறம் ரெண்டு பக்கெட். ஒண்ணுல தண்ணி, இன்னொண்ணு காலி. டீக்கடைச் சின்ன கிளாஸ் ஒண்ணு, ஏறக்குறைய 70 மில்லி பிடிக்கிற மாதிரி. பெரியவங்க இதயம் ஓய்வா இருக்கும்போது ஒரு துடிப்புக்கு அவ்வளவு ரத்தத்தைத் தள்ளும், நிமிஷத்துக்கு ஏறக்குறைய 70 தடவை. இப்ப நீ இந்த கிளாஸால ஒரு நிமிஷத்துக்குள்ள 70 தடவை மொண்டு அந்தப் பக்கெட்ல ஊத்து. யாராலயும் முடிஞ்சதில்லை. நாப்பதைத் தாண்டும்போதே கை ஓய்ஞ்சிடும், தரையெல்லாம் தண்ணி. ஆயாம்மா என்னை முறைப்பாங்க.

ஈரத்தைத் துடைச்சுட்டு கணக்குப் போடுவோம். 70 தடவை 70 மில்லின்னா 4,900. கிட்டத்தட்ட 5 லிட்டர், ஒரே நிமிஷத்துல. ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர். ஒரு நாளைக்கு 7,000 லிட்டருக்கு மேல. நம்ம தெருவுக்கு வர்ற 6,000 லிட்டர் தண்ணி லாரி எல்லாருக்கும் தெரியும். அதைவிட ஜாஸ்தி. சரி, இவ்வளவு ரத்தம் உடம்புல எங்க இருக்கு? பெரியவங்க உடம்புல மொத்தமே 5 லிட்டர் மாதிரிதான். முப்பது கிலோ இருக்கிற பிள்ளைக்கு ரெண்டேகால் லிட்டர் இருந்தா அதிகம்.

கொஞ்ச நேரம் எல்லாரும் முழிப்பாங்க. அப்புறம் ஒரு கை மேல வரும். "மிஸ், அப்ப அதே ரத்தம்தான் திரும்பத் திரும்ப வருதா?"

இந்தக் கேள்விக்குப் பின்னாடி 1,400 வருஷக் கதை இருக்கு. ரோமப் பேரரசு காலத்து மருத்துவர் கேலன், ரத்தம் கல்லீரல்ல உற்பத்தியாகி உடம்புல செலவாகிப் போயிடும்னு நம்பினார். அவருக்கு அப்புறம் ஐரோப்பாவுல பெரும்பாலும் எல்லாரும் அதையே நம்பினாங்க. 1628-ல வில்லியம் ஹார்வேங்கிற இங்கிலாந்து மருத்துவர் ஒரு புத்தகம் போட்டார். அதுல இருந்த முக்கியமான வாதம் கிட்டத்தட்ட நம்ம பக்கெட் கணக்குதான். அரை மணி நேரத்துல இதயம் தள்ளுற ரத்தம் உடம்புல இருக்கிற மொத்த ரத்தத்தைவிட அதிகம், அதனால அது சுத்தித்தான் வரணும். தமனியிலருந்து சிரைக்கு எந்த வழியா போகுதுன்னு மட்டும் அவரால பார்க்க முடியலை. 1657-ல இறந்துட்டார். நாலு வருஷம் கழிச்சு, 1661-ல, இத்தாலியில மால்பிகி மைக்ராஸ்கோப்ல தவளையோட நுரையீரலைப் பார்த்து அந்த நுண்ணிய குழாய்களைக் கண்டுபிடிச்சார். தந்துகின்னு படிச்சிருப்பீங்களே, அது.

இதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. அடுத்த வகுப்புலதான் சறுக்கினேன்.

போர்டுல இதயத்தை வரைஞ்சு ஒரு பக்கம் சிவப்பு சாக்பீஸ், இன்னொரு பக்கம் நீல சாக்பீஸ். கீழ ரெண்டு வரி எழுதினேன். "தமனி: சுத்த ரத்தம். சிரை: அசுத்த ரத்தம்." நான் படிக்கும்போது என் நோட்ல இருந்த வரி அது. ஒரு மார்க் கேள்வி. யோசிக்காம கை தானா எழுதிடுச்சு.

மதிய சாப்பாட்டு நேரம் அஞ்சாவது படிக்கிற ஒரு பொண்ணு என் மேசைக்கிட்ட வந்து நின்னா. முந்தின வாரம் நாலு நாள் லீவு போட்டிருந்தா, உடம்பு சரியில்லைன்னு லெட்டர் வந்திருந்தது. சுத்திமுத்தும் பார்த்துட்டு மெதுவா கேட்டா: "மிஸ், எங்க அம்மா எனக்குக் கெட்ட ரத்தம் வெளிய போகுதுன்னு சொன்னாங்க. நீங்க போர்டுல போட்டீங்களே, அந்த அசுத்த ரத்தமா அது?" நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அடுத்த கேள்வி. "ஆனா அது நீலமா இல்லையே மிஸ். சிவப்பாத்தான இருந்துச்சு?"

பத்து வயசு. வீட்டுல தனிப் பாய், தனித் தட்டு கொடுத்து உட்கார வெச்சிருக்காங்க. இங்க வந்தா மிஸ் போர்டுல கலர் சாக்பீஸால அதுக்கு அறிவியல் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கேன். அந்த ரெண்டாவது கேள்வியைப் பாருங்க. கண்ணால பார்த்ததும் பாடமும் ஒத்துப் போகலைன்னு அவ கண்டுபிடிச்சிட்டா. ஹார்வே செஞ்சதும் அதானே?

அன்னைக்கு நான் சரியா பதில் சொல்லலை. "பயப்படாதம்மா, நாளைக்குப் பேசலாம்"னு மழுப்பிட்டேன். ராத்திரி தூக்கம் வரலை.

அடுத்த நாள் முதல் வேலையா அவளைத் தனியாக் கூப்பிட்டுப் பேசினேன். கருப்பைக்குள்ள மாசாமாசம் மெத்தை மாதிரி ஒரு உறை உருவாகும், தேவைப்படலைன்னா அது உதிர்ந்து ரத்தத்தோட வெளிய வரும், அவ்வளவுதான். உன் விரல்ல ஓடுற அதே ரத்தம். அளவும் பெரும்பாலானவங்களுக்கு ஒரு தடவைக்கு நம்ம டீ கிளாஸைத் தாண்டாது. அதுக்கு மேல போனா, ரொம்ப வலிச்சா, அம்மாகிட்ட சொல்லி டாக்டரைப் பார்க்கணும். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு: "அப்ப நான் சாமி ரூமுக்குப் போலாமா மிஸ்?" அதை வீட்டுல பேசணும்மான்னு சொன்னேன். வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை.

அப்புறம் வகுப்புக்குப் போய் போர்டுல அந்த ரெண்டு வரியை எல்லார் முன்னாடியும் அழிச்சேன். மிஸ் தப்பா எழுதிட்டேன்னு சொன்னேன். அவங்களுக்கு அது கொண்டாட்டம்.

ஏன் தப்புன்னு கேட்டா, முதல்ல, ரத்தம் எங்கயும் நீலமா இல்லை. லேப்ல ரத்தம் எடுக்கிறாங்களே, அது சிரையிலருந்துதான். அந்த டியூப்ல பார்த்திருப்பீங்க, அரக்குச் சிவப்பு. வெளிச்சம் தோல் வழியா போய்த் திரும்புற விதத்தாலதான் வெளிய நீலமாத் தெரியுது. ரெண்டாவது, திரும்பி வர்ற ரத்தம் வெறுங்கையோட வரலை. ஓய்வா இருக்கும்போது, ஏத்திட்டுப் போன ஆக்சிஜன்ல முக்கால் பங்கு மாதிரி அதுல மிச்சமிருக்கும். மதியம் சாப்பிட்ட சாம்பார் சாதத்தோட சத்து குடல்லருந்து ஏறுறதும் சிரை ரத்தத்துலதான். இன்னொண்ணு சொல்றேன், யூரியாங்கிற கழிவு நீங்கி சிறுநீரகத்துலருந்து வெளிய வர்ற ரத்தம் எதுல போகுது? சிரையில! உண்மையான சுத்திகரிப்பு முடிஞ்சு வர்ற ரத்தத்துக்குத்தான் நாம அசுத்தம்னு பேர் வெச்சிருக்கோம். இதயம் எதையும் சுத்தம் பண்றதில்லை, அது ஒரு பம்ப். இதயத்துலருந்து வெளிய கொண்டு போனா தமனி, இதயத்துக்குக் கொண்டு வந்தா சிரை. ஒரு மார்க்குக்கு இது போதும்.

இப்பல்லாம் நீல சாக்பீஸ் எடுக்கிறதே இல்லை. வராண்டாவுல நாலு அறையோட பெரிய இதயம் வரைவோம். பிள்ளைங்கதான் ரத்தம். நுரையீரல்ல ஒருத்தி மஞ்சள் சீட்டு கொடுப்பா, அது ஆக்சிஜன். மூளை, வயிறு, காலுன்னு உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட அதைக் கொடுத்துட்டு கரியமில வாயுச் சீட்டை வாங்கிட்டு வரணும். வால்வு வேலைக்குத்தான் அடிதடி. ரெண்டு ரெண்டு பேரா கையைக் கதவு மாதிரி வெச்சுக்கிட்டு, ஒரே பக்கமா விட்டு, மூடும்போது "லப்", "டப்"னு கத்தலாம். நிஜ இதயத்துலயும் அந்தச் சத்தம் வால்வு மூடுறதுதான். அந்தப் பொண்ணு அன்னைக்கு டப் வால்வு. ஸ்டாஃப் ரூம் வரைக்கும் கேட்டுச்சாம்.

அந்த வருஷக் கடைசியில பெற்றோர் கூட்டத்துக்கு அவங்க அம்மா வந்தாங்க. திட்டப் போறாங்கன்னுதான் நினைச்சேன். மார்க் ஷீட்ல கையெழுத்துப் போட்டாங்க, பேனாவை மூடினாங்க, எழுந்திரிக்கலை. பின்னாடி வரிசையில நின்னவங்களை ஒருதரம் திரும்பிப் பார்த்துட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாங்க:

"நிஜமாவே அது கெட்ட ரத்தம் இல்லையா மிஸ்?"

"இல்லைங்க"ன்னு சொல்லிட்டு, பக்கத்துல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். வரிசை கொஞ்ச நேரம் காத்திருந்துச்சு.