கையின் விலையும் காகிதத்தின் வலிவும்



விபத்து நட்ட ஈட்டு வழக்குகளைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்திருக்கிறீர்கள். காயம்பட்டவர் பக்கம் நின்று இன்சூரன்சு நிறுவனங்களோடு வழக்காடுவது எங்கள் தொழில். அத்தொழிலைப் புகழ்ந்துரைக்க நாங்கள் வரவில்லை. நம் வீடுகளுக்கு வந்து சேரவேண்டிய பணம் வழியில் எங்கே நின்றுபோகிறது என்பதைச் சொல்லவே வந்தோம்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கப்பெற்றது. அதே பத்தாண்டில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் எழுந்தது. இவற்றைச் சுற்றி உதிரிப்பாகப் பட்டறைகள் பெருகின. பவர் பிரஸ்ஸில் விரலைப் பறிகொடுத்தவர்கள் நம் தெருக்களில் அரியரல்லர். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் காலை இழந்தவர்களும் அப்படியே.

விரலுக்கும் கைக்கும் கணக்குப் போட்ட தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் 1923-இல் வந்தது. கட்டை விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு, ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14 விழுக்காடு என அதன் அட்டவணை கூறியது. இப்போது அச்சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ளது. கசாப்புக் கடைக் கணக்குப் போல இது காதில் விழலாம். ஆயினும், முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டாமலே தொழிலாளிக்குப் பணம் கிடைக்கச் செய்தது இந்தக் கணக்கேயாகும்.

அட்டவணை முடிந்த முடிபன்று என்பதற்கு ஒரு தச்சர் வழக்கைக் கூறுவோம். 1968-இல் இன்றைய ஒடிசாவில், திரையரங்கு ஒன்றின் அலங்கார வேலையின்போது அவர் கீழே விழுந்தார். இடக்கையை முழங்கையோடு எடுக்க நேர்ந்தது. ஒரு கைதானே போயிற்று, ஆதலின் இது பகுதி ஊனமே என வாதிட்டார் வேலை கொடுத்தவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது, ஆதலின் இவர் இழப்பு முழு இழப்பே என 1975-இல் நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நட்ட ஈடு ரூ. 9,800. தொகை சிறிது; ஆனால் கை என்ன வேலை செய்தது என்று கேட்கவேண்டும் என்னும் வழியைத் திறந்த தீர்ப்பு அது. இன்றும் நாங்கள் அதை எடுத்துக்காட்டி வாதாடுகிறோம்.

சாலை விபத்து வழக்குகளிலும் இதுவே நெறி. மருத்துவர் எழுதும் விழுக்காடு வேறு, பிழைப்பின் இழப்பு வேறு என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2014-இல், கால் இழந்த கருநாடகக் காய்கறி வியாபாரி ஒருவருக்கு 85 விழுக்காடு வருவாய் இழப்பு என முடிவு செய்தது. அம்பத்தூரில் மூட்டை ஏற்றும் முப்பது வயதுத் தொழிலாளி ஒருவர் கால் இழந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மாத வருவாய் ரூ. 12,000, அந்த வயதுக்குப் பெருக்கெண் 17. முழு இழப்பு ரூ. 24,48,000. மருத்துவச் சான்று 40 விழுக்காடு என்றால் ரூ. 9,79,200 வரும். மூட்டை சுமப்பவர்க்குக் காலே முதல் என்பதை மெய்ப்பித்து 80 விழுக்காடு பெற்றால் ரூ. 19,58,400. எதிர்கால வருவாய் உயர்வும் மருத்துவச் செலவும் இதில் சேரவில்லை.

அந்த ரூ. 12,000 வருவாய்க்குச் சான்று எங்கே? நம்மவர் பலர்க்குச் சம்பளச் சீட்டு இல்லை. சீட்டு இல்லாதவர்க்குத் தீர்ப்பாயம் தானே ஒரு தொகையை ஊகித்துக் கொள்ளும். அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். மேஸ்திரியின் வருகைக் குறிப்பேடு, வங்கிப் புத்தகம், நல வாரிய அட்டை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நிலைமை மாறும். சீட்டுக் கட்டிய புத்தகம்கூட ஓரளவு உதவியதுண்டு.

இதனினும் பெருங்கேடு ஒன்று உண்டு. காயம்பட்டவர் மருத்துவமனையில் கிடக்கும்போதே ஒப்பந்தக்காரர் சிறு தொகையோடு வந்து, முத்திரைத் தாளில் கையொப்பம் கேட்பார். நட்ட ஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை செல்லாது என 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே கூறியது. அதை அறியாமல், கையெழுத்திட்டுவிட்டோமே என்று அஞ்சி வழக்குக்கே வராதவர் பலர்.

சாலை விபத்தாயின் ஆறு மாதத்திற்குள் மனுச் செய்யவேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் உள்ளது. அது செல்லுமா என்பது உச்ச நீதிமன்றத்தில் வழக்காகியிருக்கிறது. அதை நம்பிக் காலங்கடத்த வேண்டா. சாவு வீட்டுக்கும் திருமண வீட்டுக்கும் சரக்கு லாரியில் ஏறிச் செல்லாதீர்கள். அவ்வாறு செல்வோர்க்கு இன்சூரன்சு நிறுவனம் பொறுப்பன்று என 2002-இலேயே தீர்ப்பாகிவிட்டது.

இறுதியாக, கழிவுத்தொட்டி மரணங்கள். இச்சாவு யார் வீட்டில் விழுகிறது என்பதை இம்மன்றத்தில் விளக்க வேண்டுவதில்லை. 1993 முதல் நேர்ந்த ஒவ்வொரு சாவுக்கும் ரூ. 10 இலட்சம் தரவேண்டும் என 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை ரூ. 30 இலட்சமாகவும், நிரந்தர ஊனத்திற்கு ரூ. 20 இலட்சமாகவும் உயர்த்தியது. ஆனால் முதல் தகவல் அறிக்கையில் 'தொட்டியில் தவறி விழுந்தார்' என்று எழுதிவிட்டால், பின்னர் அதைப் பொய்யென்று காட்டுவது எளிதன்று. இன்னார் கூலி பேசி, இன்னார் சொல்லி, உள்ளே இறக்கப்பட்டார் என்று முதல் நாளே எழுதப்பட வேண்டும். புகார் கொடுக்கும் தாயோ மனைவியோ அழுதுகொண்டிருப்பார். எழுதியதை ஒருவரும் படித்துக் காட்டமாட்டார். இக்கழகத்தில் படித்த பிள்ளை ஒருவர் அந்நேரத்தில் உடன் சென்று, வரிவரியாகப் படித்துச் சொல்லி, அதன் பிறகே கையொப்பமிடச் செய்யவேண்டும். அறிக்கையின் படியை இலவசமாகப் பெறும் உரிமை புகார் கொடுத்தவர்க்கு உண்டு; அதைக் கேட்டு வாங்கிய பிறகே காவல் நிலையத்தை விட்டு வரவேண்டும்.